அம்முவுக்கு, புது டாக்டரைப் பார்க்கும் முன்

அன்புள்ள அம்மு,

தம்பிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் கேட்டால் "எல்லாம் சரிப்பா" என்கிறாய். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வருவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்களுக்கான நரம்பியல் டாக்டருக்குக் கொடுத்தனுப்பிய கடிதம் உன்னிடம்தானே இருக்கிறது? போயிருந்தால் சொல்லியிருப்பாய். கையைப் பிடித்துக் கூட்டிப்போக நான் வரப்போவதில்லை, உனக்கு 19 வயதாகிறது. ஆனால் உன் வலிப்பு மாத்திரை எப்போது தீரும் என்ற கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீயாக நிறுத்திவிடாதே அம்மு. உனக்கு இருக்கும் வலிப்பு வகை, மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும்.

உன் 15 வயதில், டாக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்து "எப்படி இருக்கிறாள்?" என்றபோது, "என்னிடம் கேளுங்கள் டாக்டர், ஃபிட்ஸ் வருவது எனக்குத்தானே" என்றாய். அப்புறம் என்னை வெளியே இருக்கச் சொன்னாய். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் லெவெடிரசெட்டாம் என்ற வலிப்பு மாத்திரையைத் தொடங்கியதிலிருந்து சின்ன விஷயத்துக்கும் கோபம் பொங்குகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று அன்றுதான் அவரிடம் சொன்னாய். வீட்டில் எல்லாரும் அதை வயதுக் கோளாறு என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும் என்று, உன் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டுதான் டாக்டர் என்னிடம் சொன்னார். பிறகு வாரக்கணக்கில் மெதுவாக லாமோட்ரிஜின் என்ற வேறு வலிப்பு மாத்திரைக்கு மாற்றினார். அவ்வளவு துணிச்சலாக வாய்திறந்த பெண், இப்போது ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்க ஏன் தள்ளிப்போடுகிறாய்?

தனியாகவே போ. நான் பக்கத்தில் இருந்தால் கேட்க முடியாததையெல்லாம் கேள். அப்பா எழுதுகிறாரே என்று கூச்சப்படாதே. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை, இரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவைக் குறைத்துவிடும். மாதவிடாய்த் தொந்தரவுக்கென்று எழுதிக்கொடுத்தாலும் அதே கதைதான், அதனால் எந்த டாக்டரிடமும் வலிப்பு மாத்திரையைச் சொல்லாமல் விடாதே. வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தின் பேச்சு வந்தால் நன்றாக விசாரி. கர்ப்பத்தின்போது அதைச் சாப்பிட்டால் ஏறக்குறைய 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது. கல்யாணம், குழந்தை எல்லாம் உனக்கு இன்னும் தூரம் என்று நினைத்து டாக்டர் அதைச் சொல்லாமல் விட்டால், நீ கேள்.

தூக்கத்தையும் கேள். விடிய விடியப் படித்துவிட்டு எழுந்த காலையில், டம்ளர் உன் கையிலிருந்து துள்ளிச் சுவரில் போய் விழுந்தது. "வேணும்னு போடலைப்பா" என்று கை நடுங்க நின்றாய். அந்த உதறல்தான் முதல் அறிகுறி என்று நமக்கு அப்போது தெரியாது. "சீக்கிரம் தூங்கு" என்று எந்த டாக்டரும் சொல்லிவிடுவார். பரீட்சை வாரத்தில், விடுதியில், தோழிகள் விழித்திருக்கும் இரவில் என்ன செய்வது, குடிக்கக் கூப்பிட்டால் எவ்வளவு ஆபத்து, வண்டி ஓட்டலாமா என்பதற்குத்தான் உனக்குப் பதில் வேண்டும். பதில் வரும்வரை எழுந்திருக்காதே.

இன்னொன்று. உன்னிடம் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 பேரில் ஒருவர் திடீரென்று இறந்துபோகிறார், பெரும்பாலும் தூக்கத்தில். உடம்பு முழுதும் வெட்டி இழுக்கும் வலிப்பு அடங்காதவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வலிப்பைக் கட்டுக்குள் வைத்தால் அது குறையும். இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் உன் உடம்பைப் பற்றி உனக்குத் தெரியாமல் நான் மட்டும் தெரிந்துவைத்திருப்பது நியாயமில்லை. நீ வீட்டில் இருந்தபோது இரவில் உன் அறைக்கதவு லேசாகத் திறக்கிறதே என்று எரிச்சல்படுவாய், அது நான்தான்.

யாரிடம் சொல்வது என்பது உன் இஷ்டம். ஆனால் அறைத் தோழிகளில் ஒருத்திக்காவது தெரியட்டும்: வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடத்துக்குமேல் நீடித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

மூளை அலைகளைப் பதிவுசெய்த பழைய இ.இ.ஜி., ஸ்கேன் எல்லாவற்றையும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் மாத்திரையின் பெயரையும் அளவையும் மட்டும் எழுது. உள்ளே பேசியதை நான் கேட்கமாட்டேன். மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா