சென்னையில் கண்டுபிடித்த சில்வியாவைக் கல்லூரிகள் அளக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுகோள் பற்றிய செய்தி என்றாலே அது பூமியில் மோதுமா, மோதாதா என்பதோடு நின்றுவிடுகிறது. பூமிப் பக்கமே வராத சிறுகோள் ஒன்றுக்கும் சென்னைக்கும் நேரடி உறவு உண்டு. 1866 மே 16 அன்று ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன் மதராஸ் வானாய்வகத்தில் கண்டுபிடித்த 87 சில்வியாவைத்தான் சொல்கிறேன். 8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் வைத்திருக்கும் கல்லூரி எதுவும் அதைப் பார்ப்பதோடு நிற்காமல் அளக்கவும் முடியும். மாணவர்களை அந்த வேலையில் இறக்கிவிட வேண்டும் என்று இயற்பியல் துறைகளைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சில்வியா சிறுகோள் பட்டையின் வெளி ஓரத்தில், சூரியனிலிருந்து சராசரியாக 3.48 வானியல் அலகு தள்ளிச் சுற்றுகிறது (ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு). ஒரு சுற்றுக்கு ஆறரை ஆண்டு ஆகும். மேலே விழும் வெயிலில் சுமார் 4 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. கரித்துண்டு போல அவ்வளவு கறுப்பு. அளவுக் கணக்கில் பலர் சறுக்குவதும் இந்தக் கறுப்பால்தான். 1329-ஐ எதிரொளிப்பு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து, 10-இன் அடுக்கு −H/5-ஆல் பெருக்கினால் விட்டம் கிலோமீட்டரில் கிடைக்கும். H என்பது சூரியனிலிருந்தும் பூமியிலிருந்தும் ஒரு வானியல் அலகு தள்ளி இருந்தால் சிறுகோள் காட்டும் ஒளித்தரம், அதாவது ஒளியைக் குறிக்கும் எண் (எண் குறையக் குறைய ஒளி கூடும்). சில்வியாவுக்கு அது சுமார் 6.9. எதிரொளிப்பு 0.04 என்று போட்டால் ஏறத்தாழ 277 கி.மீ. வருகிறது; 0.16 என்று போட்டால் அதில் பாதிதான். கண்ணில் படும் ஒளி இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே அகச்சிவப்பிலும் அளக்காமல் சொல்லப்படும் விட்டத்தை அப்படியே நம்பக் கூடாது. கறுப்புப் பரப்பு வெயிலை உறிஞ்சிச் சூடாகி, அந்த வெப்பத்தை அகச்சிவப்பாக வெளிவிடுகிறது. 1983-இல் ஐராஸ் விண்வெளித் தொலைநோக்கி அப்படி அளந்தபோது 261 கி.மீ. என்று வந்தது.

சில்வியாவுக்கு இரண்டு நிலவுகள். ரோமுலஸ் 2001-இலும் ரெமுஸ் 2004-இலும் அகப்பட்டன. ஒரு சிறுகோளுக்கு இரண்டு நிலவு இருப்பது தெரியவந்தது அதுவே முதல்முறை. ரோமுலஸ் சுமார் 1,356 கி.மீ. தொலைவில் 3.65 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. பிளஸ் டூ மாணவரே கெப்ளர் விதியில் இந்த இரு எண்களைப் போட்டு சில்வியாவின் நிறையைக் கணக்கிடலாம்: ஏறத்தாழ 1.48 × 10¹⁹ கிலோ. பருமனால் வகுத்தால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 முதல் 1.4 கிராம்தான். கருங்கல்லில் பாதி. உள்ளே நிறைய வெற்றிடமோ பனியோ இல்லாமல் இது சாத்தியமில்லை.

இனி அளக்கும் முறை. சூரியனுக்கு நேர் எதிரே வரும் காலத்தில் சில்வியாவின் ஒளித்தரம் 11, 12 அளவில் இருக்கும். அந்த வாய்ப்பு ஏறக்குறைய 14 மாதத்துக்கு ஒருமுறை வரும். நாசாவின் ஹொரைசன்ஸ் இணையதளத்தில் 87 என்ற எண்ணையும் உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் கொடுத்தால் அது இருக்கும் இடம் கிடைக்கும். அப்போது அது மணிக்கு அரை ஆர்க் நிமிடம் வரை நகரும் (ஒரு ஆர்க் நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). ஒரு மணி நேர இடைவெளியில் எடுத்த இரு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தால் நகரும் புள்ளி தனியாகத் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் 60 முதல் 90 விநாடி போதும். பல நிமிடம் திறந்து வைத்தால் புள்ளி கோடாக இழுபடும்.

சில்வியா தன்னைத்தானே சுற்ற 5 மணி 11 நிமிடம். ஒரே இரவில் முழுச் சுற்றும் பிடிபடும். அது நீள்வடிவம் என்பதால் ஒரு சுற்றுக்கு ஒளி இருமுறை ஏறி இறங்கும். இதைக் கவனிக்காதவர்கள் 2 மணி 35 நிமிடம் என்று பாதியைச் சொல்லிவிடுவார்கள். சில்வியாவின் ஒளியை ஒப்பிட அதே படத்திலிருந்து எடுக்கும் ஒப்பீட்டு நட்சத்திரம் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். அதுவே ஒளி மாறும் நட்சத்திரமாக இருந்தால் முழு இரவும் வீண். நாலைந்து வைத்துக்கொண்டு அவற்றை ஒன்றோடொன்றும் ஒப்பிட வேண்டும். அடிவானிலிருந்து 30 பாகைக்குக் கீழே எடுத்த படங்களைத் தள்ளிவிடுங்கள். தை, மாசியில் வில்லையில் பனி படிந்தால் எல்லா நட்சத்திரமும் சேர்ந்து மங்கும். கண்ணாடியைத் துடைக்காமல், வெப்பப் பட்டை சுற்றுவதே சரி. வெவ்வேறு மாதத்து அளவுகளைச் சேர்க்கும்போது ஒளி வந்துசேரும் நேரத்தைக் கழிக்க மறக்கக் கூடாது. மிக அருகில் இருக்கும்போதே அது 18 நிமிடம் வரும்.

இந்த ஒளித்தர அளவுகோலும் போக்சன் 1856-இல் வகுத்ததுதான்: 5 தரம் குறைந்தால் ஒளி நூறு மடங்கு கூடும். போக்சன் கண்டுபிடித்த சிறுகோளை அவருடைய அளவுகோலாலேயே நம் மாணவர்கள் அளப்பது எவ்வளவு பொருத்தம்!

சில்வியா எதிரே வரும் காலத்துக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் அறிவியல் பக்கத்தில் தேதியும் விண்மீன் குழுவும் வெளியிட்டால் கல்லூரிகள் தயாராக நேரம் கிடைக்கும். அது வடகிழக்குப் பருவமழையில் மாட்டிக்கொள்ளும் ஆண்டில் 107 கமில்லாவை எடுக்கலாம். 1868-இல் அதே வானாய்வகத்தில் போக்சன் கண்டுபிடித்தது. அதே வெளி ஓரம், அதே கறுப்பு, அதற்கும் இரண்டு நிலவுகள். சுழற்சி 4 மணி 51 நிமிடம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
சென்னை