விரால் பாஸ் இல்லை, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கு இரண்டு வாரம் ஊரில் இருப்பாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே ஐப்பசி அடைமழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை. நம்மூர்க் குளம் மறுகால் பாய்கிறது, பிசான நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. நீ வரும்போது குளத்தில் கரை நெருக்கத் தண்ணீர் கிடக்கும்.

டெக்ஸாஸில் பாஸ் மீன் பிடிக்கிற தூண்டில் சாமான் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வரட்டுமா, இங்கே விராலுக்கு அது ஆகுமா என்று கேட்டிருக்கிறாய். பாதி ஆகும். எந்தப் பாதி என்று தெரியாமல் வந்தால் இரண்டு வாரமும் முள்ளில் பாசிதான் மாட்டும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு மீனும் ஒளிந்திருந்து பாயும், செடியை விட்டு விலகாது. அந்த மட்டில் ஒன்றுதான். ஆனால் உன் பெருவாய் பாஸ் வாயைப் பிளந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சி விழுங்குகிற மீன். வாயும் அகலம், தாடை ஓரத்தில் மெல்லிய சவ்வும் உண்டு, முள் சுலபமாக இறங்கும். விரால் கடித்துப் பிடிக்கிற மீன். அதற்குப் பல் இருக்கிறது, வாய்க்குள் முக்கால்வாசி எலும்பு. ஒரு கிலோ விராலின் வாய் ஒரு கிலோ பாஸின் வாயைவிட நன்றாகச் சின்னது. சாமானில் நான் மாற்றச் சொல்வதெல்லாம் இந்த வாயை வைத்துத்தான்.

முதலில் தவளை. உள்ளே காற்றடைத்த ரப்பர் தவளை, முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இரட்டை முள் வைத்தது, அதை அவசியம் கொண்டு வா. விராலுக்கு அதைவிடப் பொருத்தமான லூர், அதாவது போலி இரை, கிடையாது. அளவில்தான் கவனம் வேண்டும். அங்கே எல்லோரும் போடுகிற அரை அவுன்ஸ், ஆறரை சென்டிமீட்டர் தவளை இங்கே பெரிது. விரால் அடிக்கும், தண்ணீர் தெறிக்கும், ஆனால் முள் இருக்கிற இடம் வரைக்கும் வாய் எட்டாது. நாலு முதல் ஐந்து சென்டிமீட்டர், எட்டு முதல் பத்து கிராம், இந்த அளவில் நாலைந்து எடுத்துக்கொள். நிறத்துக்குப் பெட்டி நிறைய வேண்டாம். மீன் பார்ப்பது அடிவயிற்றைத்தான், முதுகில் என்ன வர்ணம் அடித்திருந்தாலும் அதற்குத் தெரியாது. விடியலுக்கும் அந்திக்கும் கறுப்பு வயிறு, வெயில் ஏறின பிறகு வெள்ளை வயிறு. இரண்டு போதும்.

வாங்கின தவளையை அப்படியே போடாதே. முதல் வேலை, பின்னால் தொங்குகிற ரப்பர் இழைக் கால்களைக் கத்தரிப்பது. நீளமாக விட்டால் விரால் அந்த வாலைக் கவ்வி இழுத்துவிட்டுப் போய்விடும். நாலு சென்டிமீட்டர் மிச்சம் வைத்து வெட்டு. ஒரு காலை மற்றதைவிட அரை விரல் குட்டையாக வெட்டினால் இழுக்கும்போது தலை இடமும் வலமும் ஆடும். அடுத்து, உடம்பைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார். சின்ன அமுக்கிலேயே இரண்டு முள்நுனியும் முழுசாக வெளியே தெரியவேண்டும். அமுக்கியும் தெரியாத கட்டி ரப்பர் என்றால் எவ்வளவு விலையானாலும் வாங்காதே. மூன்றாவது, குறடால் இரண்டு முள்ளையும் மயிரிழை வெளிப்பக்கம் விலக்கிவிடு. மயிரிழை என்றால் மயிரிழைதான். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு எறிக்கும் வேலம்பாசியை வாரிக்கொண்டு வரும். முள்நுனியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுத்துப் பார். வழுக்கினால் மொட்டை, அரத்தால் இரண்டு தீட்டுத் தீட்டு. எலும்பு வாய்க்கு மொட்டை முள் இறங்காது.

தவளைக்குள் தண்ணீர் ஏறும். பத்து எறிக்கு ஒரு தரம் பிழிந்துவிடு. பிழிந்தும் உடனே முங்கினால் பல் பட்டு ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். காயவைத்து ஒரு சொட்டு சூப்பர் பசை வைத்தால் இன்னும் ஐந்தாறு மீனுக்கு வரும்.

தூண்டில் நரம்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதே. பின்னின பிரெய்டு நரம்புதான், 40 பவுண்டு தாங்குவது போதும். செடி மண்டின குளத்துக்கு 50. அங்கே தவளைக்குப் போடுகிற 65 இங்கே வேண்டாம், சின்னத் தவளையை அது தூரம் போகவிடாது. ஃப்ளோரோகார்பன் நரம்பு தண்ணீரில் முங்கும், தவளையின் மூக்கைக் கீழே இழுக்கும். தங்கூஸ் நரம்பு அவ்வளவு சீக்கிரம் முங்காவிட்டாலும் ரப்பர் மாதிரி நீளும். இருபத்தைந்து மீட்டரில், முள் இறங்குவதற்காக நீ கம்பைச் சுண்டி வெட்டுகிற வெட்டு நீட்சியிலேயே கரைந்துவிடும், எலும்புக்குள் முள் போகாது. பிரெய்டு மிதக்கும், நீளாது, தாமரைத் தண்டை அறுத்துக்கொண்டே வரும். முன்நரம்பு எதுவும் வேண்டாம், நேராகத் தவளையில் கட்டு. விரால் பல் பிரெய்டைச் சிராய்க்கும் என்பது உண்மைதான். அதற்கு, ஒவ்வொரு மீனுக்கும் பிறகு கடைசி ஒரு முழத்தை விரலிடுக்கில் விட்டு உருவிப் பார். சொரசொரத்தால் வெட்டிவிட்டுப் புதுசாகக் கட்டு.

முடிச்சு பாலோமர்தான். நரம்பை ஒரு சாண் இரட்டையாக மடித்துக் கண்ணிக்குள் விடு, தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போடு, மிஞ்சின வளையத்துக்குள் தவளை முழுவதையும் நுழைத்து எடு, எச்சில் தொட்டு நனைத்துவிட்டு இறுக்கு. நனைக்காமல் இறுக்கினால் சூட்டில் நரம்பு வலுவிழந்து, மீன் மாட்டின நேரத்தில் பட்டென்று போகும். இரண்டு இழையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டு. நுனியில் மூன்று மில்லிமீட்டர் விட்டு நறுக்கு. பிரெய்டு வழுக்கி நழுவும், ஒட்ட நறுக்கக்கூடாது. ரீலிலும் இதே கதைதான். நரம்பு சுற்றுகிற ஸ்பூலில் முதலில் பத்துச் சுற்று தங்கூஸ் சுற்றி அதன்மேல் பிரெய்டைச் சுற்று. இல்லாவிட்டால் முழு நரம்பும் ஸ்பூலின்மேல் வெறுமனே சுழலும், நீ நரம்பைப் பிடித்து நிறுத்துகிற டிராக் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பாய்.

கம்பு ஆறரை அடியிலிருந்து ஏழடிக்குள், மீடியம் ஹெவி விறைப்பு, நுனி வேகமாக நிமிர்கிற ரகம், கால் அவுன்ஸிலிருந்து முக்கால் அவுன்ஸ் வரை தாங்கும் என்று போட்டிருக்கவேண்டும். உன் ஏழேகால் அடி ஹெவி கம்பு வீட்டிலேயே இருக்கட்டும். எட்டு கிராம் தவளைக்கு அது வளையவே வளையாது, வளையாத கம்பு தூரம் எறியாது. போதாததற்கு நம் குளக்கரை உனக்குத் தெரியும். பின்னால் உடைமரம், தலைக்கு மேலும் முள். தலைக்குமேல் வீசி எறிய இடமே கிடையாது. மணிக்கட்டால் பக்கவாட்டில் வீசிப் பழகிக்கொள். இரண்டு துண்டாகக் கழற்றுகிற கம்பாக இருந்தால் டவுன் பஸ்ஸிலும் ஏறலாம்.

ரீல், ஸ்பூல் சுழல்கிற பெய்ட்காஸ்டா, ஸ்பூல் நிற்கிற ஸ்பின்னிங்கா என்று நாம் எத்தனை தரம் சண்டை போட்டிருக்கிறோம். பத்து கிராம் தவளைக்குப் பெய்ட்காஸ்ட், ஏழு கிராமும் அதற்குக் கீழும் ஸ்பின்னிங் 3000 அளவு, இதுதான் இப்போது என் தீர்மானம். பெய்ட்காஸ்டில் தவளையை மாற்றும்போதெல்லாம் ஸ்பூல் குமிழைச் சரிசெய்யவேண்டும். தவளையை நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கவிட்டுக் கட்டைவிரல் பொத்தானை அமுக்கு. அது மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கவேண்டும். நிற்காமல் சுழன்றால் சிக்கு விழும், இறங்கவே மறுத்தால் இறுக்கம் கூடுதல். காற்று எதிரே அடிக்கிறபோது பிரேக்கையும் இரண்டு புள்ளி கூட்டிக்கொள். டிராக்கை ஏறக்குறைய முழுசாக இறுக்கி வை. தண்ணீரில் மிதக்கிற அமலைச் செடி ஓரத்தில் மாட்டின விராலுக்கு ஒரு மீட்டர் நரம்பு கொடுத்தால் அது செடிக்கடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும், அப்புறம் நீ இழுப்பது செடியைத்தான்.

இனி எறிகிற இடம். விரால் காற்றைக் குடிக்கிற மீன். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் மேலே வந்து ‘களக்’ என்று ஒரு வாய் காற்றெடுத்துவிட்டு இறங்கும். பாஸ் இருக்கிற இடத்தை நீ ஊகிக்கவேண்டும், விரால் தானே வந்து சொல்லிவிட்டுப் போகும். அது காற்றெடுத்த இடத்தில் விரிகிற வட்டத்தின் நடுவில் தவளையைப் போட்டால் ஓடிவிடும். எந்தத் திசை பார்த்துப் போனதோ அந்தப் பக்கம் இரண்டு மூன்று மீட்டர் தாண்டி எறிந்து, அதன் பாதைக்குக் குறுக்கே கொண்டு வா.

கரைக்கு வந்ததும் நடுக்குளத்துக்கு எறிவதுதான் பலரும் செய்கிற தப்பு. தண்ணீர் ஏறியிருக்கும் தை மாசத்தில் விரால் கரையோரக் கோரைக்குள்ளேயே கிடக்கும். தண்ணீருக்கு நாலடி பின்னாலேயே நின்று, முதல் நாலைந்து எறியைக் கரைக்கு இணையாகப் போடு. நிழல் தண்ணீரில் விழவேண்டாம், மிதித்து நடக்கவும் வேண்டாம், அதிர்வு மண் வழியாகவே போய்விடும். அமலை தடிப்பாக அடைத்த இடத்தில் தவளை இலைமேலேயே உட்கார்ந்திருக்கும், பிரயோசனமில்லை. அதன் ஓரமும் நடுவில் விழுந்திருக்கிற ஓட்டையும்தான் இடம். தாமரையும் அல்லியும் படர்ந்த இடம்தான் அருமை. தவளையை இலைமேல் ஏற்றி, மூன்று எண்ணுகிறவரை சும்மா விட்டு, பிறகு விளிம்பிலிருந்து மெதுவாக வழுக்கி இறக்கு. ‘பொளக்’ என்று அது தண்ணீரில் இறங்குகிற நேரத்தில்தான் நூற்றுக்கு எழுபது அடி விழும்.

அடி விழுந்ததும் கை துடிக்கும். அங்கேதான் மீன் போகும். தண்ணீர் வெடித்தாலும் தவளை மேலேயே மிதந்தால் வெட்டாதே, இழுத்து எடுக்கவும் செய்யாதே. அதே இடத்தில் லேசாக நடுங்க விடு, பெரும்பாலும் திரும்பி வரும். தவளை மறைந்தால் கம்பு நுனியை மீனைப் பார்த்துத் தாழ்த்து, தொய்வைச் சுற்று, கனம் கையில் தெரிந்தபிறகு மேலே வெட்டு, வெட்டின வேகத்திலேயே தலையைத் தண்ணீருக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தாமல் சுற்று. அவசரப்பட்டு வெட்டினால் தவளை முகத்தைப் பார்த்துப் பறந்து வரும், கண்ணாடி போடாமல் நிற்காதே. இன்னொன்று, பாஸைப் பிடிப்பதுபோல் கீழ்த்தாடையில் கட்டைவிரல் கொடுத்துத் தூக்கிவிடாதே. விரல் கிழிந்துவிடும். தாடையைக் கவ்வுகிற கிரிப்பும் நீள மூக்குக் குறடும் எடுத்து வா.

ரப்பர் புழுவில் ஒரு பாக்கெட் போதும். புல்லட் ஈயம் போட்டு அடியில் விடுகிற டெக்ஸாஸ் முறை நம் குளத்துச் சேற்றில் புதைந்துதான் போகும். ஈயமே இல்லாமல், வளைந்த கழுத்து முள்ளில் வால் ஆடுகிற ரப்பர் மீனைக் குத்தி, நுனியை ரப்பருக்குள் மறைத்து, வேலம்பாசிக்கு மேலாக மெதுவாக நீந்த விட்டால் வெயில் நேரத்தில் எடுக்கும். ரப்பர் புழுவை அதன் பாக்கெட்டிலேயே வை, மற்ற பிளாஸ்டிக் லூரோடு கலந்து போட்டால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். மூன்று கொக்கி முள் தொங்குகிற கிராங்க்பெய்ட் பெட்டி, டிராப் ஷாட் சாமான் எதுவும் வேண்டாம். முள்ளையும் கத்தியையும் விமானத்தில் கைப்பையில் வைக்காதே, ஏற்றிவிடுகிற பெட்டிக்குள் போடு.

ஜப்பானில் பிவா ஏரியில் 2009-ல் குரிட்டா என்பவர் பிடித்த 10.12 கிலோ உலக சாதனைப் பாஸைப் பற்றி நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய். 1932-ல் ஜார்ஜியாவில் பெர்ரி என்பவர் பிடித்ததைவிட எடை கொஞ்சம் கூடியும், இரண்டு அவுன்ஸ் வித்தியாசம் இல்லாததால் சமம் என்றுதான் பதிவு. அந்தக் கணக்கை இங்கே கொண்டு வராதே. ஒரு கிலோ விரால் செடிக்குள்ளிருந்து இழுக்கிற இழுப்பே நமக்குப் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. செங்காவி நிறத்தில் குஞ்சுகள் பந்துபோல மேலே கொப்பளித்துக்கொண்டு நகர்ந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காப்பாற்ற. அங்கே எறியவே கூடாது. காவல் போனால் ஜிலேபிக் கெண்டை ஒரே நாளில் குஞ்சை முடித்துவிடும். வெட்டின பிரெய்டுத் துண்டையும் கரையில் போடாமல் பையில் போட்டுக்கொள், நாரைக் காலில் சுற்றினால் அறுக்க அதற்கு வழியில்லை.

குளத்துக்கு மீன்பாசிக் குத்தகை உண்டு, முதல்நாளே குத்தகைக்காரரைப் பார்த்துக் கேட்டுவிடுகிறேன். கூந்தன்குளம் பக்கம் பறவைகளுக்கானது, அங்கே வேண்டாம். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகக் காட்டுக்குள்ளும் கம்பை எடுக்கக்கூடாது. கன்னடியன் கால்வாய்ப் பாசனக் குளங்களில் இரண்டு காலை, நம்மூர்க் குளத்தில் மிச்ச நாள் என்று நினைத்திருக்கிறேன். தை மாசக் குளிரில் விடியற்காலை மீன் மந்தம், எட்டு மணிக்கு மேல் போனால் போதும்.

நாலு சென்டிமீட்டர் கறுப்பு வயிற்றுத் தவளை எனக்கும் இரண்டு வாங்கி வா. கம்பு எத்தனை அடி என்று முன்னாலேயே எழுது, உறை தைக்கக் கொடுக்கவேண்டும். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே