வல்லநாட்டு முள்காட்டில் கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிறவர்கள் வல்லநாட்டுக் குன்றைப் பார்த்திருப்பீர்கள். வெளிமானுக்காக 1987-இல் சரணாலயம் ஆன இடம். பரப்பு 16 சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். மானுக்குப் பெயர்போன அந்தக் காட்டில் செடிகொடிகளைப் பார்த்து எழுத வேண்டும் என்று வந்து நின்றேன். "முள்ளுக்காட்டுல என்ன இருக்கு?" என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன்கள் இருவருக்கும் முதல் நன்றி. அனுமதி கிடைத்த மூன்று நாளும் விடியுமுன்னே வந்து காத்திருந்தீர்கள். உடைமரத்தையும் சீமைக்கருவேலையும் தூரத்திலேயே பிரித்துச் சொல்ல நீங்கள்தான் பழக்கினீர்கள். உடை, குடை விரித்த மாதிரி தட்டையாக நிற்கும். பூ வெள்ளை உருண்டை, காய் சுருண்டிருக்கும். சீமைக்கருவேலுக்கு மஞ்சள் கதிர்ப்பூ, நீளமான இனிப்புக் காய். அதை மான் தின்ன, விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கிறது. காய்ந்த புழுக்கைக் குவியல் ஒன்றில் நாலு விரல் உயரத்துக்கு நின்ற கன்றைக் காட்டி, வேரோடு பிடுங்கினீர்கள் அண்ணே. வெளிமானுக்குத் திறந்த வெளி வேண்டும். இது அடைத்துக்கொண்டால் ஓட இடமிருக்காது. எத்தனை ஓயாத வேலை உங்களுக்கு என்று அந்த இடத்தில்தான் புரிந்தது.

அப்புறம், எல்லைக்கு வெளியே ஆடு மேய்த்த தாத்தா. செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறிய உடைமுள்ளை, பக்கத்துச் சங்கஞ்செடியில் ஒரு முள்ளை ஒடித்து அதாலேயே எடுத்துவிட்டீர்கள். வலியில் நான் முனகும்போதே அந்தச் செடியைத் திருப்பி, கணுவுக்கு நாலு முள் இருப்பதைக் காட்டினீர்கள். விடத்தலை, சூரை, காரை என்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். உசிலை இலையை உலர்த்தி இடித்துத் தலைக்குத் தேய்ப்பதைச் சொன்னபோது என் ஆச்சி நினைவு வந்துவிட்டது. உங்கள் பெயரைக் கேட்காமலே கிளம்பியது இன்றும் உறுத்துகிறது.

பாளையங்கோட்டையில் தாவரவியல் கற்பிக்கும் அம்மாவுக்கு, இரவு பத்து மணிக்கும் என் படங்களைத் திருத்தியதற்கு நன்றி. வெள்வேல மரத்தையும் உடை என்றே எழுதியிருந்தேன். "படம் போதாது, காய்க்கும்போது மறுபடி போய்ப் பார்" என்றீர்கள். போனேன் அம்மா, நீங்கள் சொன்னதுதான் சரி.

பட்டியலின் பிரதி காவலர் அண்ணன்களிடம் இருக்கிறது. தாத்தாவை யாராவது பார்த்தால், கால் ஆறிவிட்டது என்று சொல்லுங்கள்.