வேலை செய்த காசை வாங்குவதுதான் பெரும்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுயதொழில் தொடங்கச் சொல்லி உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். எந்தத் திட்டத்தில் எவ்வளவு மானியம், வங்கிக்கு என்னென்ன காகிதம் கொண்டுபோக வேண்டும் என்பதெல்லாம் நன்றாகவே எழுதுகிறீர்கள். ஆனால் கடன் வாங்கி, மிஷின் போட்டு, ஆர்டரும் பிடித்த பிறகு ஒருவர் படும் பாட்டைப் பற்றி அவற்றில் ஒரு வரி கூட வருவதில்லை. நான் கப்பலூர் பக்கம் சின்னதாக அட்டைப்பெட்டி பட்டறை நடத்துகிறேன். ஆர்டர் பிடிப்பது கூட கஷ்டமில்லை, அனுப்பிய சரக்குக்குப் பணம் வாங்குவதுதான் கஷ்டம்.

மில்லில் பேப்பர் ரீல் எடுக்க முன்பணம் கட்ட வேண்டும், ரொம்பப் பழகியவர் என்றால் சில நாள் தவணை தருவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களுக்குச் சம்பளம், அதில் சாக்கு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கரண்டுக்கு நிலைக்கட்டணம் உண்டு. அப்புறம் ஜிஎஸ்டி. பில் போட்டுவிட்டால் அடுத்த மாதம் வரியைக் கட்டியாக வேண்டும், வாங்கியவர் நமக்கு ஒரு பைசா தராவிட்டாலும் சரி, தாமதித்தால் 18 சதவீத வட்டி. இன்னொருவர் தர வேண்டிய வரிக்காக என் வீட்டு நகை அடகுக்குப் போகிறது என்பதை அதிகாரிகள் யாராவது யோசித்துப் பார்த்திருப்பார்களா?

பெட்டித் தொழிலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வாங்குபவரின் பெயரையும் படத்தையும் பெட்டியில் அச்சடித்துவிட்டால் அது வேறு யாருக்கும் ஆகாது. ஒரு அப்பளக் கம்பெனிக்கு அடித்ததை ஊதுபத்திக்காரரிடம் விற்க முடியுமா, பழைய பேப்பர் கடைக்குத்தான் போட வேண்டும். இது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் போன் செய்தால் "ஓனர் ஊர்ல இல்லண்ணே", "ஆடி முடியட்டும்ணே", "செக் ரெடியா இருக்கு, கையெழுத்து மட்டும்தான் பாக்கி" என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். நேரில் போனாலும் கணக்குப் பிள்ளை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைப்பார், அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரைக் கேட்டு 90 நாளில் தீர்க்க வசதியாக்கக் கவுன்சில் என்று ஒன்று மதுரையிலேயே இருக்கிறது. வருமான வரிச் சட்டத்திலும் 2023-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள், கெடுவுக்குள் பணம் தராதவர் அந்தக் கொள்முதலை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்த மறுநாளே ஆர்டர் போய்விடும், அது மட்டுமில்லை, "அவர் கேஸ் போடுகிற ஆள்" என்று ஊரெல்லாம் பேச்சாகி மற்ற ஆர்டர்களும் போகும். அந்த வருமான வரித் திருத்தம் வந்தபோது ஒரு வாடிக்கையாளர் என்னிடம் உத்யம் பதிவை (குறு, சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு) ரத்து செய்துவிட்டு வாருங்கள், அப்புறம் ஆர்டரைப் பற்றிப் பேசலாம் என்றார். என் பாதுகாப்புக்கென்று கொடுத்த சான்றிதழையே தூக்கிப் போடச் சொல்கிறார் என்றால் எங்களுக்கு இருக்கும் பலம் என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழமாசி வீதி மாதிரி இடங்களில் மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம் செய்கிறவர்கள் பாடு இன்னும் மோசம், அவர்கள் உத்யமில் பதிவு செய்தாலும் வங்கிக் கடனுக்குத்தான் உதவும், இந்த 45 நாள் கணக்கு அவர்களுக்குக் கிடையாது.

நான் கேட்பது புதுச் சட்டம் இல்லை. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள், யாருக்கு எவ்வளவு என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை மத்திய அரசிடம் தாங்களே படிவம் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி 2019 முதல் இருக்கிறது. அப்படியென்றால் பட்டியல் அரசின் கையிலேயே இருக்கிறது! அதைப் பார்த்து அரசே நோட்டீஸ் அனுப்பட்டும், நாங்கள் வந்து பெயர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். கூட்டாண்மை நிறுவனங்களும் தனியாள் நிறுவனங்களும் இந்த விதிக்குள் வருவதில்லை, மதுரையில் எங்களிடம் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் அந்த ரகம்தான், அவர்களையும் சேர்க்க வேண்டும். தொழில் சங்கங்கள் உறுப்பினர் பெயரை வெளியிடாமல் கவுன்சிலில் புகார் கொடுக்கவும் ஒரு வழி செய்துதர வேண்டும். இதை உங்கள் நாளிதழ் எடுத்து எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
அட்டைப்பெட்டித் தொழில் செய்யும் வாசகர்,
கப்பலூர், மதுரை.