பாலிஷ் போடும் முன் ஒரு மணி நேரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலும் அக்கம்பக்கத்திலும் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் ஐயாமாருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரிந்திருக்கும். எதையும் வாங்காமல் தரையில் உட்கார்ந்து, நடைவண்டியைக் கவிழ்த்துப் போட்டு இஞ்சு டேப்பால் அளந்துகொண்டிருப்பேனே, அந்தப் பெண் நான்தான். ஒரு கடையில், "வாங்குறதா இருந்தா வாங்குங்கம்மா, இல்லேன்னா வழிய விடுங்க" என்றார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் சுற்றுலா வேன் வந்து நின்றிருந்தது. வியாபார நேரத்தில் குறுக்கே உட்கார்ந்தது என் தப்புத்தான்.

கோட்டையூரில் ஒரு ஆசாரி, ஒரு கடைசல்காரர், நான் என மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறோம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மரத்தில் விளையாட்டுச் சாமான் செய்கிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இடிக்கிற வீடுகளிலிருந்து நடைவண்டி, சொப்பு, பல்லாங்குழி, மரப்பாச்சி என்று எது வந்தாலும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பாலிஷ் அடிப்பதற்கு முன்னால் எங்களை ஒரு மணி நேரம் அளந்துகொள்ள விடுங்கள்.

பாலிஷுக்கு முன்னால் என்று ஏன் கேட்கிறேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. நாங்கள் முதலில் செய்த நடைவண்டி பார்க்க அம்சமாக இருந்தது. சக்கரத்துக்குப் பேரிங் போட்டிருந்தோம், விரலால் தள்ளினாலே ஓடும். அதை ஆத்தங்குடிக் கல் பதித்த ஒரு வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) வைத்து, ஒரு வயதுப் பிள்ளையைப் பிடிக்கச் சொன்னோம். கண்ணாடித் தகட்டின் மேல் சிமெண்டை ஊற்றி வார்த்த கல், வழுவழுவென்று இருக்கும். வண்டி முன்னால் போய்விட்டது, பிள்ளை குப்புற விழுந்தது. நல்லவேளை, நாங்கள் இரண்டு பேர் பக்கத்திலேயே இருந்ததால் அடிபடவில்லை.

அதற்கு அடுத்த வாரம் உங்கள் தெருவில் ஒரு கடையில் பழைய தேக்கு நடைவண்டி ஒன்றைப் பார்த்தேன். சக்கரமும் மரம், அச்சும் மரம், இடையில் எண்ணெய்கூட இல்லை. தள்ளினால் கிரீச்சென்று முனகிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. அந்த இறுக்கம்தான் பிள்ளைக்குத் துணை; வண்டி ஓடாமல் அதன் கூடவே நடக்கிறது. அடிச்சட்டம் கனமாக இருந்ததால், பிள்ளை அதைப் பிடித்து எழுந்தாலும் வண்டி மேலே சாயாது. கைப்பிடியை வெர்னியர் அளவுகோலில் பிடித்துப் பார்த்தேன், முக்கால் அங்குலம். நாங்கள் ஒன்றரை அங்குலம் வைத்திருந்தோம், பெரியவர்கள் கைக்கு. இன்னொன்றும் கவனித்தேன். கைப்பிடி நடுவில் தேயவில்லை, இரண்டு ஓரத்திலும் அடிப்பக்கம் சேர்த்துத் தேய்ந்திருந்தது. அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் அதில் நடை பழகினார்களோ, எல்லோரும் கையை அகட்டித்தான் பிடித்திருக்கிறார்கள். அந்த மாதிரி ஒரு தகவல் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. மறுமுறை போனபோது அதே வண்டி பளபளவென்று கண்ணாடிக்குள் நின்றது. தேய்மானம் முழுக்கப் போயிருந்தது.

படிப்புக்கு உதவும் பொம்மை என்றாலே எல்லோரும் வெளிநாட்டைக் காட்டுகிறார்கள். அதைக் குறைத்துப் பேசவில்லை. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவருடைய உருளைக் கட்டையில் வெவ்வேறு அளவில் பத்து உருளை, அதற்கேற்ற பத்துக் குழி. ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும், 'தப்பு' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சரி, எங்கள் அப்பத்தா வீட்டில் ஓலைக் கொட்டான் (ஓலையில் பின்னிய கூடை) ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். வரிசை மாறினால் மூடி உட்காராது. நாங்கள் அதை வைத்து விளையாடியபோது அதற்குப் பேர் கல்வி என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்!

பல்லாங்குழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வோமே, அப்போது யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. பார்த்தவுடனே நாலு என்று கண் சொல்லிவிடும். எண்ணாமலே அளவைப் பிடிக்கும் அந்தப் பழக்கம் கணக்குக்கு நல்ல அடித்தளம். பழைய பலகைகளில் குழியின் ஆழம் எவ்வளவு, சின்னக் கை உள்ளே போய் அள்ள முடிகிறதா என்பதுதான் எனக்கு வேண்டிய விவரம். நாங்கள் இப்போது வரைந்துகொண்டிருப்பது இரண்டு வரிசைக்கு மூன்று மூன்றாக ஆறு குழி மட்டும் உள்ள ஒரு குட்டிப் பலகை. பதினாலு குழியை ஒரேயடியாக நாலு வயதுப் பிள்ளைக்கு முன்னால் வைத்தால் அது எழுந்து போய்விடும். பார்த்தாயிற்று.

அதில் புளியங்கொட்டையோ சோழியோ போட மாட்டோம். சின்னப் பாகம் தொண்டையில் சிக்குமா என்று பார்க்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளை இருக்கிறது. ஒரு பாகம் ஏதாவது ஒரு பக்கமாகப் போடும்போது அதற்குள் முழுதாக அடங்கிவிட்டாலே, அதை மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. சோழி சுலபமாக உள்ளே போய்விடும். நாலு வயதுப் பிள்ளைக்கு என்று செய்தாலும் வீட்டில் தம்பி தங்கச்சி இருப்பார்களே! அதனால் பெரிய மர முத்துக்களாகக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் கட்டியை அழுத்திச் சாயம் ஏற்றுகிறோம். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் பிடித்துக்கொள்ளும்.

2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கு விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் அந்த உருளையை ஆசாரியே குழாயை அறுத்துச் செய்து பட்டறையில் வைத்திருக்கிறார். (வருகிறவர்கள் அதைப் பேனா போடும் குவளை என்று நினைத்துப் பேனாவைப் போட்டுவிடுகிறார்கள்.) பழைய சாமானைப் பிள்ளைகளிடம் கொடுக்க நாங்கள் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், நகக் கண்ணில் ஏறும் சிலாம்பும் இருக்கும். அளவு மட்டும் போதும்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. வீடும் தெருவும் ஏரியும் பேசப்பட்டன, மகிழ்ச்சி. தூணையும் நிலைக்கதவையும் படமெடுத்து வைக்க ஆள் இருக்கிறார்கள். சொப்புக்கு ஆள் இல்லை. அது ஒரு சாக்கில் வந்து, எண்ணி விற்கப்பட்டு, வெளியூர் வீட்டு அலமாரியில் போய் நின்றுவிடுகிறது. விற்பது உங்கள் பிழைப்பு, அதில் நான் குறுக்கிட வரவில்லை.

நடைமுறையைச் சொல்கிறேன். கூட்டமில்லாத நாளில், வெயில் தாழ நாலு மணிக்கு மேல் வருகிறோம். பொருளைக் கடையை விட்டு எடுத்துப் போக மாட்டோம். எந்த வீட்டிலிருந்து வந்தது, என்ன விலை என்று கேட்க மாட்டோம். அளந்து வரைந்த தாளில் ஒரு பிரதி உங்களுக்கும் தருவோம். பொருளோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் பிடிக்கும். போன வாரம் ஒரு கடையில் கொல்லைப்பக்கம் ஒரு சின்ன மர யானையைப் பார்த்தேன், ஒரு சக்கரம் இல்லை, முதுகு தேய்ந்திருந்தது. அதை இன்னும் உப்புத்தாளுக்குக் கொடுக்காமல் இருந்தால், அந்த ஐயா தயவுசெய்து நான் வரும்வரை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோட்டையூர் மரப்பொம்மைக்காரி