வல்லாரைக் களிம்பும் எலியின் தோலும்

அன்புள்ள மாலதி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமலேயே கோடை கழிந்துவிட்டது. இங்கே அனைவரும் நலம். ஆய்வகத்தில் நடந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடமும் மனம்விட்டுச் சொல்ல முடியாது என்பதால் இப்போது எழுதுகிறேன்.

வல்லாரை இலையிலிருந்து எத்தனாலில் பிரித்தெடுத்த சாற்றைக் களிம்பாக்கி, தீப்புண் உள்ள எலிகளுக்குப் பூசிவந்தோம். தீப்புண்ணுக்கு இடும் வெள்ளி சல்ஃபாடையசின் களிம்பு பூசிய எலிகளைவிட இவற்றின் புண்கள் முன்னதாகவே மூடிக்கொண்டன. மாணவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது மனிதர்கள்தாம் என்கிறாள் செல்வி. நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும்: "எதோடு ஒப்பிட்டாய்?" அந்த ஒரே கேள்வியால் கல்லூரியில் எத்தனை பேரை அழவைத்திருக்கிறாய்!

இந்த முறை அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. 1968இல் அறிமுகமான அந்த வெள்ளிக் களிம்பு கிருமிகளை அடக்கினாலும் புதுத் தோல் வளர்வதைத் தாமதப்படுத்தக்கூடியது; அதை முந்துவது பெரிய வெற்றியல்ல. ஈரமாக மூடிவைத்த மேலோட்டமான காயங்கள் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் ஆறுவதை ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் 1962இலேயே பன்றிகளிடம் காட்டியிருக்கிறார். அப்படியிருக்க, வல்லாரை சேராத வெறும் களிம்பை ஒரு குழுவுக்குப் பூசிப் பார்க்காமல், ஆற்றியது இலையா ஈரமா என்று எப்படிச் சொல்வது?

இதைவிடப் பெரிய கவலை எலியின் தோல். அதன் அடியிலுள்ள மெல்லிய தசைப்படலத்தால் புண்ணின் விளிம்புகள் உள்நோக்கி இழுபட்டு, பெரும்பாலும் சுருங்கியே மூடுகின்றன. நமக்கோ, ஆழம் குறைந்த தீப்புண்ணில், விளிம்பிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் புதுத் தோல் வளர்ந்து பரவ வேண்டும். புண்ணின் பரப்பு குறைந்ததை நாங்கள் வெற்றியாகக் கணக்கிடுகிறோம். அதே சுருக்கம் ஒரு குழந்தையின் கழுத்தையும் முழங்கையையும் இழுத்துப் பிடித்து, மீண்டும் மீண்டும் அறுவை சிகிச்சைக்குக் கொண்டுவருவதை நீ அன்றாடம் பார்க்கிறாய். எங்கள் வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் வார்டுதான் நினைவுக்கு வருகிறது.

மூலிகையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எண்ணாதே. அன்னாசித் தண்டின் நொதிகளால் ஆன நெக்ஸோபிரிட், கருகிய திசுவை நீக்கும் மருந்தாக 2012இல் ஐரோப்பாவிலும் 2022இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. வல்லாரையிலுள்ள ஆசியாட்டிகோசைடு என்ற வேதிப்பொருள், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதம் உருவாவதைத் தூண்டுவதும் ஆய்வுகளில் தெரிந்ததே. ஆனால் இலையில் அந்த வேதிப்பொருளின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவதால், சாற்றின் ஒவ்வொரு தொகுதியிலும் அதை அளந்து, கிருமிநீக்கம் செய்த பிறகே திறந்த புண்ணுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். இதைச் சொன்னால் நான் தடைபோடுவதாக மாணவர்கள் வருந்துகிறார்கள். அவர்களுடைய உழைப்பு எனக்கு அருமையானது. அதனால்தான் அவசரம் வேண்டாம் என்கிறேன்.

அடுத்து வெறும் களிம்புக் குழுவோடு எலிகளிடம் மீண்டும் செய்துவிட்டு, மனிதத் தோலை ஓரளவு ஒத்த பன்றித் தோலுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். மனிதரிடம் சோதிக்கும் கட்டம் வந்தால், ஒரே நோயாளியின் உடலில் ஆழம் ஒத்த இரு புண்களைத் தேர்ந்து, ஒன்றுக்கு வல்லாரையும் மற்றதற்கு நீங்கள் இப்போது இடும் கட்டும் போட்டு ஒப்பிட இயலுமா? அத்தகைய நோயாளிகள் உன்னிடம் போதுமான அளவில் வருகிறார்களா என்பதையும், ஆறிய பிறகு தழும்பை எவ்வளவு காலம் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதையும் விரிவாக எழுது. உன் பதில் வந்த பிறகே திட்டத்தை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புவேன்.

அன்புடன்,
வசந்தா