விளக்குக்கு ஒரு வரி போதாது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் தேக்காவில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் சென்னையிலிருந்து பித்தளைக் குத்துவிளக்குகள் வந்தன. இன்வாய்சில் ‘பூஜை சாமான்’ என்று ஒரே வரி. சுங்கத்துக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீடுகளில் எதைப் போடுவது என்று இறக்குமதி ஏஜெண்ட் கேட்க, நான் சென்னைக்குப் போன் போட, மூன்று நாள் ஓடிவிட்டது. கிடங்கு வாடகை வேறு.

இத்தனைக்கும் இங்கே இறக்குமதி பெர்மிட் எடுப்பது சிரமமே இல்லை. 1989இல் வந்த டிரேட்நெட் என்ற மின்னியல் விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பித்தால், விவரம் சரியாக இருக்கும்போது பெரும்பாலும் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். மதுபானம், புகையிலை, வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் தவிர மற்றவற்றுக்குச் சுங்கத் தீர்வையும் கிடையாது. ஆனால் 9% பொருள் சேவை வரி உண்டு. சாமான் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்த தொகைக்கு. புதிதாகத் தொழிலுக்கு வரும் நம் பிள்ளைகள் இங்கேதான் கணக்கைத் தவறவிடுகிறார்கள். ஊறுகாய், அப்பளம் என்றால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் அனுமதியும் வேண்டும்.

நம் வணிகச் சங்கங்கள் மாதம் ஒருமுறையாவது, ஒரு நிஜ இன்வாய்சைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் தமிழில் சொல்லித்தர வேண்டும். முதல் ஆளாக நான் வருகிறேன், என் இன்வாய்சோடு.

தேக்கா கடைக்காரர் ஒருவர்